ஒன்பதாம் தொட்டி விரால்

குருன்னா தாடி இருக்கணும். இந்தக் குருவுக்குக் கெடையாது. பொம்பளைக்குத் தாடி எங்கேருந்து வரும்?

சீடன்னா இளவட்டமா இருக்கணும். இந்தச் சீடனுக்கு அம்பத்தேழு வயசு. முன்பல்லு ரெண்டு போயி, சிரிச்சா உள்நாக்கு எட்டிப் பாக்கும்.

குருவுக்கு முப்பத்திமூணு. பேரு ரெஜினா. மீனப் பத்திப் பெரிய படிப்பு படிச்சவங்க. கண்மாய்க் கரையில மூடிக் கெடந்த கோழிப்பண்ணைக் கொட்டகையப் பிடிச்சு, அதுக்குள்ள பன்னெண்டு சிமெண்டுத் தொட்டி போட்டு வச்சிருந்தாங்க. இமயமலைக் குகைன்னு நெனச்சுக்குங்க. என்ன, குகையில கோழி வாடை அடிக்காது.

சீடன் பேரு சேவுகன். வத்துன கண்மாயில காலால தட்டிப் பாத்தே, அடியில விரால் படுத்திருக்கா இல்லையான்னு சொல்லிருவாரு. குருவுக்கு மீன் தோண்டிக் குடுக்கத்தான் வந்தாரு. வந்த மொத நாளே வாய் சும்மா இருக்கல.

"ஏந்தாயி, விராலக் கொழம்பு வைக்கத் தெரியாமயா தொட்டியில விட்டுக் காயப் போடப் போறீக?"

"கொழம்பு வைக்கத் தெரியும்ண்ணே. அது எப்படித் தூங்குதுன்னுதான் தெரியல."

"சேத்துக்குள்ள போவும். படுக்கும். மழை பேஞ்சா எந்திரிக்கும். இதுல தெரியாதது என்ன கெடக்கு?"

"தின்னாம, நீந்தாம, மாசக்கணக்குல மண்ணுக்குள்ள கெடக்குதே. ஏன் சாகல?"

சேவுகன் வாயப் பொளந்தாரு. நாப்பது வருசமா விரால் தோண்டுற மனுசன். தின்ன விரால வரிசையா வச்சா மதுரைக்கு ரோடு போட்றலாம். அத்தன விரால்லயும் எச்சி ஊறுச்சே ஒழிய, இந்தக் கேள்வி ஊறல.

பொத்துனு கால்ல விழுந்துட்டாரு. குரு பதறித் துள்ளி, பின்னாடி இருந்த சேத்து வாளிக்குள்ள ஒரு கால விட்டுட்டாங்க.

தீட்சை இப்படித்தான் நடந்துச்சு.

"அண்ணே, ரெஜினான்னு கூப்புடுங்க. குரு கிருன்னு சொன்னா எனக்குச் சிரிப்பு வருது."

"குருவப் பேர் சொல்லிக் கூப்புட்டா நாக்கு அழுகிரும்."

"அப்ப டாக்டர்னாவது கூப்புடுங்க."

"ஊசி போடுவீகளா?"

"மாட்டேன்."

"அப்ப குருதான்."

ஊரு சிரிச்சுச்சு. சேவுகன் எதுக்காகச் சிரிச்சா என்ன, அந்த வீட்டுல சிரிக்கிறதுக்கு வேற ஒண்ணும் இல்லன்னு ஊருக்கும் தெரியும்.

ஆனி மாசம் பன்னெண்டு தொட்டியிலயும் கண்மாய்ச் சேத்த நெரப்பி, தொட்டிக்கொரு விரால விட்டு, தண்ணிய வத்த விட்டாங்க. தண்ணி எறங்க எறங்க மீனும் எறங்குச்சு. ஒரு நாள் மேல வெறும் சேறு. பத்து நாள்ல அது காஞ்சு பாளம் பாளமா வெடிச்சுது. அடியில மட்டும் கொஞ்சம் ஈரம்.

ஆடிக் கடைசியில மொதத் தொட்டியத் தோண்டச் சொன்னாங்க குரு. சேவுகன் மண்ண விலக்குனாரு. களிமண்ணுல புடிச்சு வச்ச பொம்மையாட்டம் விரால் கெடந்துச்சு. தொட்டாலும் துள்ளல.

குரு அத எடுத்து, ஒரே வெட்டு. ஈரல்லருந்து துணுக்கு எடுத்து, புகை கக்குற ஒரு குளிரு டப்பாவுக்குள்ள போட்டாங்க. எல்லாம் ஒரு பீடி பத்த வைக்கிற நேரம்.

"என்ன குருவே இம்புட்டு அவசரம்? ஈரல் எந்திரிச்சு ஓடவா போவுது?"

"ஈரல் ஓடாது. சீட்டு ஓடிரும்."

"என்ன சீட்டு?"

குரு கையக் கழுவிட்டு, கவுத்துன வாளி மேல உக்காந்தாங்க.

"பரோட்டாக் கடைக்குப் போயிருக்கீங்களாண்ணே?"

"போவாமயா இந்தத் தொப்பை?"

"சுவத்துல பலகை மாட்டிருப்பாங்க. என்னென்ன கெடைக்கும்னு."

"ஆமா. கேட்டா பாதி இல்லம்பான்."

"அதேதான். மரபணுன்னு சொல்றாங்கள்ல, அது அந்தப் பலகை. மீன் பொறந்ததுலருந்து சாகுற வரைக்கும் பலகையில எழுத்து மாறாது. ஆனா இப்ப அடுப்புல என்ன வேகுதுன்னு பலகையப் பாத்தா தெரியுமா?"

"தெரியாது. சப்ளையரு உள்ள குடுக்குற சீட்டப் பாக்கணும். ரெண்டு பரோட்டா, ஒரு ஆம்லேட்டுன்னு."

"அந்தச் சீட்டத்தான் நான் எண்ணுறேன். மீனுக்குள்ள எந்நேரமும் சீட்டு போய்க்கிட்டே இருக்கும். வேலை முடிஞ்சதும் கிழிச்சுப் போட்ரும். அதான் ஒடனே உறைய வைக்கிறேன்."

"தூங்குற மீனுக்குள்ளயுமா சீட்டு போவும்?"

"வளர்றதுக்கு, ஓடுறதுக்கு, சினை புடிக்கிறதுக்குப் போற சீட்டெல்லாம் கொறஞ்சிரும். பாதிக் கடைய மூடிருவாங்க. ஆனா சில சீட்டு முன்னவிட அதிகமாப் போகும். ஆப்பிரிக்காவுல ஒரு மீன் இருக்கு. வருசக்கணக்கா மண்ணுக்குள்ள தூங்கும். அதுல எண்ணிப் பாத்திருக்காங்க. நம்ம விரால்ல எப்படின்னு பாக்கத்தான் நான் இங்க வந்தேன்."

சேவுகன் தாடையச் சொறிஞ்சாரு.

"உசிரோட வச்சே எண்ண முடியாதா குருவே?"

"ஈரலுக்குள்ள இருக்குறதத் தெரிஞ்சிக்கணும்னா அறுக்கணும்ண்ணே. அறுத்தா அது எந்திரிக்காது. எந்திரிக்கட்டும்னு விட்டா, உள்ள என்ன நடந்துச்சுன்னு தெரியாது."

"ரெண்டுல ஒண்ணுதானா?"

"ரெண்டுல ஒண்ணுதான்."

சேவுகன் மம்பட்டியக் கழுவ ஆரம்பிச்சாரு.

வீட்டுல பஞ்சவர்ணம் படுத்திருந்தா. சேவுகன் பொஞ்சாதி.

வைகாசியிலருந்து படுத்திருக்கா. சுவத்தப் பாத்து ஒருக்களிச்சு. கஞ்சிய வாயில ஊத்துனா முழுங்குவா. கைத்தாங்கலா கூட்டிப் போனா கொல்லைக்கு வருவா. மத்தபடி பேச்சு இல்ல, அழுகை இல்ல. சேவுகன் உள்ள நொழைஞ்சதும் மொத வேலையா, போத்துன சேலை ஏறி எறங்குதான்னு பாப்பாரு. ஏறும். எறங்கும். சில நாளைக்கு அது ரொம்ப நேரம் எடுத்துக்கும். அந்த நேரத்துல மனுசனுக்கு அவரு மூச்சும் நின்னு போவும்.

ஒத்த மக. சுகன்யா. பத்தொம்பது வயசு. வைகாசியில ஒரு விடியக்காலம் வயித்து வலின்னு எந்திரிச்சா. படுத்திருந்தப்பக் கட்டுவிரியன் கடிச்சிருக்கு. கடிச்ச தடமும் தெரியல, வலியும் தெரியல. அந்தப் பாம்போட பொல்லாத கொணம் அது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயும் பொழைக்கல. "விதி. ஒடனே தூக்கிட்டு ஓடுனேன், காப்பாத்த முடியல"ன்னு சேவுகன் ஊருக்குச் சொன்னாரு. ஊரும் ஆமான்னு தலையாட்டுச்சு.

அந்த எடத்துல மட்டும் சேவுகனுக்குப் பேச்சு கொஞ்சம் நொண்டும். கேக்குறவங்க துக்கம்னு நெனச்சுக்குவாங்க.

வைத்தியம் பாக்காமயா இருந்தாரு? வேப்பெல அடிச்சாச்சு. மாத்திரை குடுத்தாச்சு. "மனசு உள்ள போயிருச்சு, பொறுமையா இருங்க"ன்னு ஒரு டாக்டர் சொன்னாரு. எம்புட்டு நாளைக்குன்னு கேட்டதுக்கு, அவரு கடிகாரத்தப் பாத்தாரு.

அறுத்துப் பாக்க முடியாது. எந்திரிக்குமான்னும் தெரியாது.

அப்பத்தான் சேவுகன் ஒரு கிறுக்குத்தனம் பண்ணாரு. யாருகிட்டயும் சொல்லல. ஒம்பதாம் தொட்டிக்கு முன்னாடி நின்னு கும்பிட்டு, நேந்துக்கிட்டாரு. இந்த விரால் எந்திரிச்சா, அவ எந்திரிப்பா.

சாமிகளையெல்லாம் கேட்டு அலுத்துப் போச்சு. மீனு ஒண்ணுதான் பாக்கி.

ஆவணி போச்சு. புரட்டாசி போச்சு. வானம் பொட்டுத் தண்ணி விடல. கண்மாயில மாடு படுத்தா புழுதி பறந்துச்சு.

ஆறு தொட்டிய அறுத்தாச்சு. மூணு தொட்டி தானா நாறிப் போச்சு. உள்ள செத்தா மூணாம் நாளே வெடிப்பு வழியா வாடை வந்துரும். சேவுகன் தெனம் காலையில மண்டி போட்டு ஒம்பதாம் தொட்டிய மோந்து பாப்பாரு. பாக்குறவங்களுக்குத் தொழுவுற மாதிரி இருக்கும். வாடை இல்லன்னா, அன்னைக்கு ஒரு டீ குடிப்பாரு.

மிச்சம் மூணு தொட்டி. ஒம்பது, பத்து, பதினொண்ணு.

ஐப்பசி மொத வாரம் குரு சொன்னாங்க. "ஒண்ணத் தூங்கும்போதே அறுக்கணும். மத்த ரெண்டையும் தண்ணி ஊத்தி எழுப்பணும். ஒம்பதத் தோண்டுங்கண்ணே."

சேவுகன் மம்பட்டியக் கீழ போட்டாரு. போயி ஒம்பதாம் தொட்டி மேல குப்புறப் படுத்துக்கிட்டாரு.

குரு கிட்ட வந்து குனிஞ்சாங்க.

"என்னண்ணே இது?"

"மறியல்."

"யாரு மேல?"

"ஒங்க மேலதான். பத்த அறுங்க. பதினொண்ண அறுங்க. வேணும்னா என்னைய அறுங்க, எனக்கும் ஈரல் இருக்கு. நாட்டுச் சரக்கு கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கும். இத மட்டும் விடுங்க."

"இதுல மட்டும் என்ன இருக்கு?"

சேவுகன் முகத்த மண்ணுலருந்து எடுக்காமயே சொன்னாரு. பொஞ்சாதி படுத்துக் கெடக்குறத. நேந்துக்கிட்டத. மகள் செத்தத. பாம்பு. விதி. ஆஸ்பத்திரி.

குரு சிரிக்கல.

"அண்ணே, இந்த மீனுக்கு ஒங்க வீட்டம்மாவத் தெரியாது."

"அது எனக்கு மட்டும் தெரியாதா? வேற எதப் போயி நான் பாத்துக்கிட்டு இருக்க?"

குரு மம்பட்டிய எடுத்து, அவங்களே பத்தாம் தொட்டியத் தோண்ட ஆரம்பிச்சாங்க.

சேவுகன் எந்திரிச்சு, மூஞ்சியில ஒட்டுன மண்ணோட கேட்டாரு. "மீன எழுப்புறது தண்ணி. மனுசிய எழுப்புறது எது குருவே?"

"எனக்குத் தெரியாதுண்ணே."

"குருன்னா எதாச்சும் தெரிஞ்ச மாதிரி சொல்லணும்."

"அப்படிச் சொல்றவங்கள்லாம் தாடி வச்சிருப்பாங்க."

மறுநாள் காலையில தண்ணி ஊத்துனாங்க. ஒம்பதுக்கும் பதினொண்ணுக்கும். மெதுவா, மண்ணு மேல தூறல் மாதிரி.

சேறு குடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் குடிக்கிறத நிறுத்துச்சு. தண்ணி நின்னுச்சு. கொமிழி வந்துச்சு.

பதினொண்ணுல கொமிழியோட சரி. தோண்டிப் பாத்தா விரால் வெறச்சுக் கெடந்துச்சு. செத்து ஒரு நாள்கூட ஆகல, வாடை இன்னும் கெளம்பல.

ஒம்பதுல மத்தியானம் வரைக்கும் ஒண்ணுமில்ல. சேவுகன் தொட்டி வெளிம்புல தாடைய வச்சு உக்காந்திருந்தாரு. சோறு வேணாம்னுட்டாரு. பீடி வேணாம்னுட்டாரு.

உச்சி சாஞ்ச பெறகு சேறு ஒரு எடத்துல நெளிஞ்சுச்சு. கறுப்பா ஒரு மூஞ்சி மேல வந்து, ஒரு வாய் காத்த முழுங்கிட்டு, சாஞ்சுச்சு. மறுபடியும் வந்துச்சு.

சேவுகன் கத்துன கத்துல, கொட்டகை ஓட்டுல இருந்த புறாவெல்லாம் பறந்துச்சு. ரெண்டு கையையும் தண்ணிக்குள்ள விட்டு அந்த மீனத் தொட்டுப் பாத்தாரு. அப்படியே ஓட ஆரம்பிச்சாரு. செருப்புப் போடல. சேத்துக் கையோட, அவுந்த வேட்டியோட, தெருவே வேடிக்கை பாக்க ஓடுனாரு.

வீட்டுக்குள்ள நொழைஞ்சு, சுவத்தப் பாத்துப் படுத்திருந்தவ பக்கத்துல மண்டி போட்டாரு.

"உசிரு இருக்குடி பஞ்சவர்ணம்! செத்துட்டுன்னு நெனச்சோம், நாலு மாசம் கழிச்சு எந்திரிச்சிருச்சுடி! உசிரு இருக்குடி!"

சேலை ஏறுச்சு. எறங்கல.

பஞ்சவர்ணம் திரும்புனா. அஞ்சு மாசத்துல மொத தடவையா அவ கண்ணு சேவுகன் கண்ணப் பாத்துச்சு. கைய ஊணி, எந்திரிச்சு உக்காந்தா. ஒதடு காஞ்சு ஒட்டியிருந்துச்சு. பிரிச்சு, கேட்டா.

"யாருக்கு?"

அவ யார நெனச்சுக் கேக்குறான்னு சேவுகனுக்கு அந்த நிமிசம் வெளங்குச்சு. வெளங்குனப்ப வாயில இருந்து வார்த்தை விழுந்து போச்சு.

"விராலுக்கு."

பஞ்சவர்ணம் அவரு கையப் பாத்தா. மோந்தா.

"மீனா?"

முப்பது வருசமா புருசன 'நீங்க'ன்னு மட்டுமே சொன்னவ.

"அன்னைக்கும் இந்த வாடையோடதானடா வந்து நின்ன."

அதுக்கப்புறம் நிக்கல. அஞ்சு மாசம் உள்ள கெடந்தது அம்புட்டும் வந்துச்சு. தெருவே வாசல்ல கூடிக் கேட்டுச்சு.

மக செத்த அன்னைக்கு ஊர்க் கண்மாயில மீன்பிடித் திருவிழா. பன்னெண்டு ஊரு சனம் கரையச் சுத்தி, மீன அமுக்கிப் புடிக்கிற ஊத்தாக் கூடையோட காத்துக்கிட்டு நின்னுச்சு. கொடி வீசாம ஒருத்தரும் தண்ணியில காலு வைக்கக் கூடாது. கொடி வீசுற மரியாதை சேவுகன் குடும்பத்துக்கு. நாலு தலைமுறையா. மக வயித்தப் புடிச்சுக்கிட்டு, கண்ணு எமை தூக்க முடியாம, தொண்டை அடைக்குதுப்பான்னு சொன்னா. வண்டி புடிங்கன்னா பஞ்சவர்ணம். "ஓமத்தண்ணி குடு. கொடிய வீசிட்டு வந்துர்றேன்"னு போனாரு சேவுகன்.

கொடிய வீசுன கையோட வந்திருக்கலாம். ஆனா மொத மீனு கொடிக்காரனுக்குன்னு ஒரு மொறை. வாங்காமப் போனா ஊருக்கு ஆகாதும்பாங்க. மொத மீனு மாட்டுறதுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. அத வாங்கிட்டு, மாலையோட, கையில துள்ளுற விராலோட வாசல்ல வந்து நின்னாரு.

அப்பறந்தான் ஓடுனாரு. ஓடுனது நெசந்தான்.

"மால போட்டுட்டு வந்தியேடா! எம்புள்ள நாக்கு உள்ள இழுக்குது, நீ மால போட்டுட்டு வந்தியேடா!"

மூணு நாள் ஆச்சு. பஞ்சவர்ணம் தூங்கல, தின்னல, நிறுத்தல. தொண்டை கட்டிப் போனப்பறமும் காத்து மாதிரி வந்துக்கிட்டே இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க சேவுகனப் பாத்தாங்க.

சேவுகன் சொன்னாரு. "புத்தி பேதலிச்சிருச்சு. அவ சொல்றதெல்லாம் காதுல வாங்காதீக."

நாலாம் நாள் காலையில கொட்டகைக்கு வந்தாரு. குரு ஒம்பதாம் தொட்டிகிட்ட நின்னுக்கிட்டு இருந்தாங்க.

"மூணு நாளா காணோமேண்ணே?"

"எந்திரிச்சுட்டா."

"நல்ல சேதிதான?"

"இல்ல. அந்த டப்பாவுல இருக்குற குளிருல கொஞ்சம் குடுங்க. நான் குடிச்சுட்டுப் போறேன்."

குரு அவரு மூஞ்சியப் பாத்தாங்க. சேவுகன் வெளிம்புல உக்காந்து எல்லாத்தையும் சொன்னாரு. அவ வைய்யிறத. தெரு கேக்குறத. நாளைக்குக் காலையில ஒரு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவ வண்டி சொல்லி வச்சிருக்கறத. அங்க இவள மாதிரி ஆளுகளக் கட்டிப் போட்டு வச்சிருப்பாங்களாம். நாப்பது நாள்ல அடங்கிருமாம்.

"எந்திரிச்ச மீனு மறுபடியும் தூங்குமா குருவே?"

"தொட்டிய மோந்து பாருங்க."

சேவுகன் குனிஞ்சாரு. மாட்டுத் தொழுவத்துல மூத்திரம் தேங்குன மாதிரி, கண்ணக் கரிக்கிற காரம். தண்ணி கலங்கிப் போயி, விரால் பாதி சாஞ்சு, மேல வந்து வந்து காத்து குடிச்சுச்சு.

"என்ன குருவே இது? எந்திரிச்ச அன்னைக்கு இப்படி இல்லையே."

"தூங்கும்போது அது ஒடம்புல சேருற விஷத்த வெளிய விடத் தண்ணி இல்ல. அந்த ஆப்பிரிக்கா மீனு, அதக் கொஞ்சம் சாதுவாக்கி உள்ளயே பூட்டி வச்சிக்கும். அதிகமாப் போற சீட்டுன்னு சொன்னேன்ல, அதுல முக்கியமானது அந்த வேலைக்குத்தான். தண்ணி வந்ததும் மொத வேலையா அத்தனையையும் வெளிய தள்ளும். இதுவும் ஏதோ அப்படித்தான் தள்ளுது. இரை போட்டாக்கூட திங்கல."

"எங்கேருந்து வருது இம்புட்டு விஷம்?"

"வெளியருந்து ஒண்ணும் போகல. எல்லாம் அது ஒடம்புலருந்துதான்."

சேவுகன் மூக்கப் பொத்துனாரு. "எப்படி குருவே இத நிறுத்துறது?"

குரு மூலையில சாத்தியிருந்த பலகைய எடுத்துட்டு வந்து, தொட்டிய நல்லா மூடுனாங்க. மேல ஈரச் சாக்கப் போட்டு, சந்து பொந்தெல்லாம் அமுக்கி விட்டாங்க.

"இப்ப வாடை வருதா?"

"வரல."

"நல்லதாப் போச்சு."

ரெண்டு பேரும் நின்னாங்க. பலகைக்கு அடியில டொக்குன்னு ஒரு சத்தம். காத்து குடிக்க வந்த மண்டை முட்டுன சத்தம். மறுபடியும் டொக்கு.

அப்பறம் கொஞ்ச நேரம் சத்தம் இல்ல.

சேவுகன் சாக்கப் புடுங்கி எறிஞ்சாரு. பலகையத் தள்ளுனாரு, அது அவரு கால்லயே விழுந்துச்சு. வலிச்சுதான்னு அவருக்கே தெரியல. விரால் மேல வந்து ஒரு வாய் காத்த முழுங்குச்சு.

"அண்ணே," குரு கேட்டாங்க. "அவங்க சொல்றது நெசமா?"

சேவுகன் தொட்டியப் பாத்தாரு. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அந்த வாய்கிட்ட ஒரு நக்கலும் இல்ல.

"நெசந்தான்."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"அந்தத் தெருவுல?"

"பொய்யின்னு சொல்லிட்டேன்."

குரு ஒரு வாளிய எடுத்து, கெட்ட தண்ணிய மொண்டு வெளிய ஊத்த ஆரம்பிச்சாங்க.

சேவுகன் போன எடுத்தாரு. வண்டிக்காரன்கிட்ட நாளைக்கு வர வேணாம்னு சொன்னாரு. ஏன்னு கேட்டான் போல. "வேணாம்னா வேணாண்டா"ன்னு வச்சுட்டாரு.

"போயி சொல்லிர்றேன் குருவே. தெருவுல நின்னு, ஆமா, அவ சொல்றது அத்தனையும் நெசம்னு. எல்லாரும் காறித் துப்புவாங்க. துப்பட்டும்."

குரு மொண்டு ஊத்துனாங்க.

"சொல்லிட்டா, அவ என்னைய மன்னிச்சுருவாளா?"

குரு வாளியக் கீழ வச்சாங்க.

"இந்தத் தொட்டியக் காய விட்டது யாரு?"

"நீங்கதான்."

"நாலு மாசம் கழிச்சு தண்ணி ஊத்துனது?"

"அதுவும் நீங்கதான்."

"பதினொண்ணாம் தொட்டி மீனு செத்துப் போச்சு. எந்திரிச்ச மீனுல இது ஒண்ணுதான் இருக்கு. இதோட சீட்டையும் எண்ணணும். நாளைக்கு இத அறுக்கப் போறது யாரு? இது என்னைய மன்னிக்குமாண்ணே?"

சேவுகன் நிமிந்து பாத்தாரு. அந்த மொகத்துல வெளையாட்டு இல்ல.

"நாளைக்கா? இதையுமா?"

"நாளைக்கு."

தொட்டிக்குள்ள விரால் மேல வந்துச்சு. காத்து குடிச்சுச்சு. எறங்குச்சு.

"நாளைக்கு அறுக்கப் போற மீனுக்கு," சேவுகன் தொட்டி வெளிம்பப் புடிச்சுக்கிட்டுக் கேட்டாரு, "இன்னைக்கு எதுக்கு குருவே தண்ணி மாத்துறீக?"

குரு வாளிய எடுத்து மறுபடியும் மொண்டாங்க.

"தண்ணி கெட்டுப் போயிருக்குல்லண்ணே."